பத்துப் பேர்ச் வளவுக்கு எவ்வளவு விதை?

விதை கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது ஊரை. சம்மாந்துறை என்றால் வயல் மண். தண்ணீர் நிற்கும், களி காலில் ஒட்டும். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் கடற்கரைப் பக்கம் என்றால் மணல். காலையில் ஊற்றுகிற தண்ணீர் பின்னேரத்துக்குள் காணாமற் போய்விடும். அடுத்த கேள்வி கிணற்றைப் பற்றியது: தண்ணீர் கரிக்கிறதா? அதற்கடுத்தது, வளவு எத்தனை பேர்ச், வீடு போக மிச்சம் எவ்வளவு என்பது. இவ்வளவும் தெரியாமல் நான் அலுமாரியைத் திறப்பதில்லை. சிலருக்குக் கோபம் வரும். "காக்கா, சல்லி தாறன், வெதயத் தாங்க. பொலிஸ்ல கேக்குற மாதிரியெல்லோ கேக்கிறீங்க" என்று ஒரு ராத்தா சிரித்துக்கொண்டே ஏசியிருக்கிறார்.

கல்முனையில் சாச்சாவின் கடையில் சாக்குத் தைக்கிற பொடியனாகச் சேர்ந்தவன் நான். பிறகு அந்தக் கடையே என் கைக்கு வந்தது. இப்போது மகன் பார்க்கிறான், நான் பின்னேரங்களில் போய் உட்காருகிறேன். எங்கள் பிழைப்பு நெல்லில்தான். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் பசளை, எண்ணெய், விதைநெல் என்று வட்டைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். மரக்கறி விதை கடையின் மூலையில் ஒரு கண்ணாடி அலுமாரி மட்டும். அதில் இலாபம் கொஞ்சம், பேச்சு அதிகம். ஆனால் அந்த மூலையில் நின்று பார்த்தால், மனிதர் விதைக்குச் செலவழிக்கிற காசில் பெரும்பகுதி முளைக்காத இடத்தில் போய் விழுவது தெரியும். விதை விலை கூடியதால் நட்டப்பட்டவரை நான் அதிகம் கண்டதில்லை. தேவைக்கு மேல் வாங்கி, பருவம் தப்பிப் போட்டவர்களைத்தான் நிறையக் கண்டிருக்கிறேன்.

அளவுக்கு வருவோம். நமது ஊர்களில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மூன்று பெண் பிள்ளைகள் என்றால் உம்மாவின் வளவு மூன்றாகும், அடுத்த தலைமுறையில் அதுவும் பிரியும். பத்துப் பேர்ச் என்பது ஏறக்குறைய 250 சதுர மீற்றர். வீடு, கிணறு, கழிவறைக் குழி, மோட்டார் சைக்கிள் நிற்கிற இடம், ஒரு தென்னை, ஒரு மா எல்லாம் போனால் வெயில் விழுகிற வெறும் நிலம் ஒரு அறையளவு மிஞ்சும். அதில் ஆறு கத்தரி, பத்துக் கொச்சி, நாலு தக்காளி, வேலியோரம் பயிற்றை, ஒரு பந்தலில் பாகலோ புடோலோ வைக்கலாம். அவ்வளவுதான்.

இனி விதையைப் பாருங்கள். தக்காளி ஒரு கிராமில் முந்நூறு விதையளவில் இருக்கும். கத்தரி இருநூறுக்கு மேல். கொச்சி நூற்றைம்பதுக்குக் குறையாது. முளைக்கீரை ஆயிரத்தையும் தாண்டும். 10 கிராம் தக்காளிப் பெக்கட் வாங்கினால் 3000 விதை. அதில் 80 வீதம் முளைத்தாலும் 2400 கன்று. நாலு கன்றுக்கு இடமுள்ளவர் அந்தப் பெக்கட்டை வாங்குவது ஏன்? 1 கிராம் பெக்கட்டோடு ஒப்பிட்டால் கிராமுக்கு விலை குறைவு என்பதால். எங்கள் தொழிலில் காசு பார்ப்பது அந்த ஆசையில்தான். மறுபக்கம் வெண்டி ஒரு கிராமுக்குப் பதினைந்து, இருபது விதைதான் வரும். பயிற்றை ஏழெட்டு. பாகலும் பூசணியும் ஐந்தாறு. பெரிய விதையை எண்ணி வாங்க வேண்டும், சின்ன விதையைப் பகிர்ந்து வாங்க வேண்டும்.

பகிர்வதற்கு நமது ஊரைப் போல வசதி வேறெங்கும் இல்லை. ராத்தாவும் தங்கச்சியும் ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான் குடியிருக்கிறார்கள். ஒருவர் கத்தரி வாங்கட்டும், மற்றவர் கொச்சி, மூன்றாமவர் தக்காளி. நாற்று நடுகிற அளவுக்கு வளர்ந்ததும் மாற்றிக்கொள்ளலாம். இதைச் சொல்லிச் சொல்லி, இப்போது சாய்ந்தமருதிலிருந்து ஒரு குடும்பம் ஒற்றைச் சீட்டோடு வருகிறது. நாலு வீட்டுக்கும் சேர்த்து நாலு சின்னப் பெக்கட். பெரிய பெக்கட் விற்றிருந்தால் எனக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று மகன் கணக்குச் சொல்கிறான். அவன் சொல்வது சரி. ஆனால் அந்த நாலு வீடும் பசளைக்கும் என்னிடம்தான் வருகிறது.

ஆறே கத்தரி வைக்கிறவர் விதையே வாங்க வேண்டாம் என்றும் சொல்வேன். தட்டில் நாற்று வளர்த்து விற்கிறவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். ஆறு கன்றின் விலை ஒரு பெக்கட்டுக்குக் கீழேதான் வரும், மூன்று நாலு வாரமும் மிச்சம். கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. நிழலில் நீண்டு வெளிறிய கன்றை விட, குட்டையாக, தண்டு தடித்து, கரும்பச்சையாக நிற்பதே நம்முடைய வெயிலைத் தாங்கும். கொச்சிக் கன்றின் நுனி இலை சுருண்டிருந்தால் இலவசமாகத் தந்தாலும் தொடாதீர்கள். அது அடுத்த கன்றுக்கும் தொற்றும்.

விலையை விட நான் கவனமாகப் பார்க்கிற ஒன்று திகதி. விதை உயிருள்ள பொருள். அதற்கு எதிரி இரண்டு: சூடும் ஈரமும். விதைக்குள் இருக்கிற ஈரம் ஒரு வீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வைத்திருக்கிற இடத்தின் சூடு 5 பாகை குறைந்தால் இன்னொரு தடவை இரட்டிக்கும் என்று விதைத் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு. அதையே தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம், தகரக் கூரை, வெளிக் கம்பியில் பார்வைக்குத் தொங்குகிற கடதாசிப் பெக்கட்டுகள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும். மாரியில் உப்பே கசிந்து தண்ணியாகிறது. அந்தக் கம்பியில் ஒரு வருசம் தொங்கிய விதைக்கு மேலே என்ன திகதி அச்சிட்டிருந்தாலும் உள்ளே உயிர் இருக்காது. எந்தக் கடையாக இருந்தாலும் (என் கடையும்தான்) தொங்குவதைக் காட்டி, "உள்ளுக்கு இரிக்கிற பெக்கட்டத் தாங்க" என்று கேளுங்கள்.

பெக்கட்டில் இனத்தின் பெயர், தொகுதி இலக்கம், முளைப்பு வீதம், பொதி செய்த திகதி, காலாவதித் திகதி எல்லாம் இருக்கிறதா பாருங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் இருக்கிறது, விவசாயத் திணைக்களத்தில் விதை அத்தாட்சிப்படுத்தல் சேவையும் இருக்கிறது. இருந்தும் டின்னிலிருந்து கரண்டியால் அள்ளி, கடதாசியில் சுற்றித் தருகிற விதைக்கு யார் பொறுப்பு? அள்ளித் தருகிற விதை எல்லாமே கெட்டது என்று நான் சொல்லவில்லை. வேகமாக விற்றுத் தீர்கிற கீரையும் பயிற்றையும் அப்படி வாங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் கேட்கிற வெங்காய விதையை அப்படி வாங்குவது காசைக் கிணற்றில் போடுவதற்குச் சமம். வெங்காய விதை ஒரு வருசம் தாண்டினாலே சோர்ந்துவிடும். கொச்சியும் நம்முடைய சூட்டில் அதிகம் நிற்காது. தக்காளி, கத்தரி, பூசணி, வெள்ளரி கெட்டி உயிர். அதனால், காலாவதி நெருங்கிய பெக்கட்டை அரை விலைக்குத் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் பூசணியை வாங்குங்கள், வெங்காயத்தை விடுங்கள்.

சந்தேகம் இருந்தால் பத்து விதையை எடுத்து ஈரத் துணியில் சுருட்டி, ஒரு சிறிய பொலித்தீன் பையில் போட்டு அடுப்படி ராக்கையில் வையுங்கள். வெண்டியும் பயிற்றையும் நாலு நாளில் சொல்லிவிடும். கத்தரிக்கும் கொச்சிக்கும் ஒரு வாரம், பத்து நாள் பொறுக்க வேண்டும். பத்தில் எட்டு என்றால் நல்லது. ஐந்து என்றால் இரண்டு மடங்கு தூவுங்கள். இரண்டு என்றால் எறிந்துவிடுங்கள், மண்ணுக்கும் தண்ணிக்கும் செலவழிக்க வேண்டாம். விதையை விட மோட்டாருக்கு ஆகிற கரண்ட் பில் கூட.

அதிகம் சண்டை நடப்பது ஹைபிரிட் விசயத்தில். காய்க்கிற அளவிலும் நோயைத் தாங்குவதிலும் நல்ல ஹைபிரிட் முன்னுக்குத்தான் நிற்கும், அதை மறுப்பதில் அர்த்தமில்லை. விற்பதற்காக அரை ஏக்கரில் பாகல் போடுகிறவர் ஹைபிரிட்தான் வாங்க வேண்டும், ஒரே சீரான காயைத்தான் சந்தை கேட்கும். வளவுக்காரருக்கு அந்தச் சீர் எதற்கு? திணைக்களம் வெளியிட்ட சாதாரண இனங்களே தாராளம். வெண்டியில் ஹரித, எம்.ஐ. 5. கொச்சியில் எம்.ஐ. 2, கே.ஏ. 2. கத்தரியில் படகொட, திண்ணவேலி பர்ப்பிள். பாகலில் திண்ணவேலி வெள்ளை. தக்காளியில் திலின. எம்.ஐ. என்று தொடங்குகிறவை மஹஇலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்துப் பிள்ளைகள், திண்ணவேலிகள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்தவை. இரண்டும் உலர்வலயம்தான். நம்முடைய வெயில் அவற்றுக்குப் புதிதல்ல. விலையும் ஹைபிரிட்டுக்குப் பக்கத்தில் வராது. அதை விடப் பெரிய இலாபம், ஒரு தடவை வாங்கினால் அடுத்த தடவைக்கு விதை உங்கள் செடியிலேயே இருக்கிறது.

ஹைபிரிட்டில் அது நடக்காது. கார்த்திகைப் பூவைப் போலச் சிவந்த, ஒரே அளவான தக்காளி காய்த்ததென்று அதன் விதையை எடுத்து வைத்த ஒரு சேர், மறு வருசம் என்னிடம் வந்து முறையிட்டார். ஒரு செடியில் நெல்லிக்காய் அளவில் பழம், இன்னொன்றில் நெடுங்காய், இன்னொன்று காய்க்கவே இல்லை. தாய் தகப்பன் இரண்டு வேறு இனம், பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு முகத்தோடுதான் பிறப்பார்கள் என்றேன். கணிதம் படிப்பிக்கிறவர், உடனே விளங்கிக்கொண்டார்.

விதை எடுத்து வைப்பதற்கு எங்கள் வாப்பும்மாவிடம் இருந்த வழிகள் இப்போது வீட்டில் இல்லை. புடோலையும் பீர்க்கையும் கொடியிலேயே முற்றவிட்டு, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார். புகையும் சூடும் ஈரத்தை இழுக்கும், வண்டும் அண்டாது. கத்தரி விதையைச் சாம்பலில் பிசைவார். பூசணி விதையைச் சாணியில் அமுக்கிச் சுவரில் தட்டுவார். இப்போது காஸ் அடுப்பு, பூசிய சுவர். அதற்குப் பதிலாக நான் சொல்வது பால்மா டின். அடியில் ஒரு கை அரிசியை நன்றாக வறுத்து, ஆறவிட்டு, துணியில் முடிந்து போடுங்கள். வறுத்த அரிசி ஈரத்தை உறிஞ்சும். அதற்கு மேலே, நிழலில் காய்ந்த விதையைக் கடதாசி உறைகளில் பெயரும் திகதியும் எழுதி வைத்து மூடியை இறுக்கி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். எடுக்கும்போது உடனே திறக்கக் கூடாது. டின்னின் குளிர் போகும் வரை வெளியில் வைத்திருந்து திறக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் விதையின் மேல் வியர்த்துவிடும்.

தக்காளியும் பயிற்றையும் தம் பூவுக்குள்ளேயே கருக்கட்டுகிறவை, இனம் கெடாது. தொடங்குகிறவர் இந்த இரண்டோடு தொடங்கட்டும். தக்காளிச் சாற்றோடு விதையை ஒரு நாள், இரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவினால் மேலுள்ள வழுவழுப்பு கழன்றுவிடும். கொச்சிக்குப் பக்கத்தில் கறிமிளகாய் நின்றால் தேனீ இரண்டையும் கலந்துவிடும், பிறகு கறிமிளகாய் எரிக்கும். பூசணி, பாகல், புடோல் எல்லாம் பூச்சிகளின் கையில்தான். பக்கத்து வளவில் வேறு இனம் நின்றால் அந்த விதையை நம்ப முடியாது.

வாங்கவே கூடாத விதைகளும் உண்டு. முருங்கை, மரவள்ளி, பொன்னாங்காணி, வல்லாரை, கங்குன் எல்லாம் தடியோ தண்டோ வேரோ நட்டால் போதும், அயலில் கேட்டால் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். கௌபி, பயறு, கச்சான் பலசரக்குக் கடையில் முழுதாக இருக்கிறது. மல்லியும் அங்கேதான், உள்ளங்கையில் தேய்த்து இரண்டாகப் பிளந்து போட்டால் முளைக்கும். ஆனால் கடைப் பெக்கட்டில் மிஞ்சிய விதையை எதிர்த்திசையில், அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டாம். இளஞ்சிவப்பு, நீல நிறத்தில் இருப்பது பூசணமருந்து பூசிய விதை. கோழிக்கும் போடக் கூடாது, பிள்ளைகளின் கைக்கும் எட்டக் கூடாது.

இந்தச் சிக்கனமெல்லாம் எனக்குப் புத்தகத்தில் வந்ததல்ல. எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதி நின்று, கொச்சியும் வெங்காயமும் நாட்டிலேயே விளைய வேண்டி வந்த காலத்தை வாப்பா அடிக்கடி சொல்வார். தொண்ணூறில் யுத்தத்தால் பாதை பூட்டியபோது கொழும்பிலிருந்து லொறி வராமல் அலுமாரி வெறுமையாகக் கிடந்தது. காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் வழக்கமாக வருகிற வாடிக்கையாளர்களும் வர முடியவில்லை. பிறகு வழி திறந்தபோது, பாண்டிருப்பு ஐயா ஒருவர் ஒரு முடிச்சில் நாட்டுக் கத்தரி விதை கொண்டுவந்து தந்தார். காசு வாங்கவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரை வளவுகளில் மண்ணே உப்பு. மணலுக்கு ஒரு குணம்: உப்பையும் அது பிடித்து வைப்பதில்லை, மழையோடு கீழே இறக்கிவிடும். கிணறுகள்தான் நாள் எடுத்தன. அந்த நேரம் உதவிக்கு வந்த பொதிகளில் விதைப் பெக்கட்டுகளும் இருந்தன. நல்ல மனதோடு தந்ததுதான், ஆனால் ஒரு பொதிக்குள் கரட் விதை இருந்தது. நுவரெலியாக் குளிரில் வளர்கிறதை மருதமுனை மணலில் எங்கே போடுவது? கூடாரத்தில் இருந்த ஒரு பெண் அதை என்னிடம் கொண்டுவந்து கீரை விதைக்கு மாற்றிக்கொண்டார். கரட் விதை கடைசிவரை அலுமாரியிலேயே கிடந்தது.

2022ஐ யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. அதற்கு முந்தின வருசம் இரசாயனப் பசளைத் தடை, அந்த வருசம் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்கு. செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துத் தோட்டம் செய்யச் சொன்னார்கள். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோறு தின்று எழும்புவதற்கே அசர் ஆகிவிடும். என்றாலும் கடைக்கு வந்தார்கள். அவ்வளவு கூட்டத்தை அந்த மூலை அலுமாரி அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. கையில் அகப்பட்டதை எல்லாம் வாங்கினார்கள். கப்பலில் வருகிற ஹைபிரிட் விதை டொலரோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போனது, உள்ளூர் விதை கமநல சேவை நிலையங்களிலும் கேட்டவுடன் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு கஷ்டப்படாதவர்கள், பால்மா டின்னில் ஏற்கனவே விதை வைத்திருந்தவர்கள்தான்.

கடைசியாகப் பருவம். எவ்வளவு கவனமாக வாங்கினாலும் பருவம் தப்பினால் வீண். நமது கரையில் ஐப்பசி பிறந்தால் மழை, மார்கழியில் கிணறு விளிம்புக்கு வந்துவிடும். மணல் தண்ணீரை வடிக்கும் என்ற நம்பிக்கையில் தூவிய கீரை விதை மறுநாள் வேலியடியில் குவிந்து கிடக்கும். கொச்சி, தக்காளி நாற்றைத் தாழ்வாரத்தில், கூரைக்குக் கீழே தட்டில் போட்டு, தை பிறந்து மழை ஓய்ந்ததும் இறக்க வேண்டும். வெண்டியும் பயிற்றையும் தையிலிருந்து போடலாம். கச்சான் காற்றுக் காலத்தில் தண்ணி ஊற்ற மனமிருந்தால் அவை மட்டும்தான் முகம் கொடுக்கும்.

இதில் இப்போது புதிதாக ஒரு சிக்கல். நோன்புக்கு வத்தகைப் பழம் நல்ல விலை போகும், அதற்காகவே மணலில் வத்தகை போடுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். விதைத்து எழுபது, எண்பது நாளில் பழம். நோன்பு ஒவ்வொரு வருசமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருகிறது. 2023இல் மார்ச் கடைசிப் பகுதியில் தொடங்கியது, தையில் விதைத்தால் கணக்குச் சரியாக விழுந்தது. 2026இல் பெப்ரவரி மூன்றாம் வாரத்துக்கே வந்துவிட்டது. அதற்கு விதை மார்கழித் தொடக்கத்தில், கொட்டுகிற மழைக்குள் இறங்க வேண்டும். வத்தகை விதை ஹைபிரிட், அலுமாரியில் விலை கூடிய பெக்கட்டுகளில் ஒன்று.

பாலமுனைப் பக்கத்துத் தம்பி ஒருவர் அப்படித்தான் வந்து நின்றார், இரண்டு பெரிய பெக்கட் வேண்டும் என்று. கூரைக்குக் கீழே பையில் நாற்று வளர்த்து, மழை விட்ட நாளில் மேட்டில் இறக்கினால் இரண்டு வாரம் மிச்சம், நோன்பு முதல் பத்துக்குக் கிடைக்காவிட்டாலும் கடைசிப் பத்துக்குப் பழம் வரும், அதற்கு ஒரு பெக்கட் போதும் என்றேன். மேகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையாட்டிவிட்டு ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு போனார். மற்றப் பெக்கட்டை அன்றைக்கே வேறு கடையில் வாங்கினார் என்று பிறகு மகன் சொன்னான்.